நிமிடத்துக்கு ஒரு தட்டல்

கடவுச்சொல் மாற்ற வேண்டியவர்கள் பட்டியலில் அண்ணன் கம்பெனியை முதலில் வைத்தவள் நான்தான்.

விதி என்னுடையது அல்ல. இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றாத கடவுச்சொற்களை எல்லாம் மாற்றவைக்க வேண்டும் என்று எங்கள் நிறுவனம் முடிவு செய்தது. நாங்கள் மற்றவர்களின் இணையதளங்களையும் மின்னஞ்சலையும் எங்கள் சர்வரில் வைத்துக் காப்பாற்றுகிறவர்கள். நாலாயிரம் வாடிக்கையாளர்கள். யாரிலிருந்து தொடங்குவது என்பதை என்னிடம் விட்டார்கள்.

அண்ணன் பம்பு விற்கிறார். பதினோரு வருடம் அந்தக் கம்பெனியின் இணையதளமும் மின்னஞ்சலும் என் கையில் இருந்தன. எட்டு மாதத்துக்கு முன் தொடர்ச்சியாக மூன்று பெரிய ஆர்டர்கள் கைவிட்டுப் போயின. மூன்றையும் எதிர்க் கடைக்காரர் எங்களைவிட ஒரு நூலிழை குறைத்துக் கொடுத்து வாங்கினார். எங்கள் விலை அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. விலைப்புள்ளிகள் போகும் மின்னஞ்சல் கணக்கைத் திறக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்: அண்ணன், டைப்பிஸ்ட் அக்கா, நான்.

ஒரு திங்கட்கிழமை காலை அண்ணன் பன்னிரண்டு பேரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார். "வெளியாள் யாரும் இல்ல. வீட்டு ஆள்தான்," என்றார். என் பையை மேசையில் கொட்டச் சொன்னார். டைப்பிஸ்ட் அக்கா கொட்டினாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, தலைவலி மாத்திரை, ஒரு பென் டிரைவ். பென் டிரைவைப் பார்த்ததும் ஹாலில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதில் எங்கள் அம்மாவின் ஸ்கேன் படங்கள் இருந்தன. திறந்து பார்க்க யாரும் கேட்கவில்லை.

மறுநாள் டீலர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் போனது. எனக்கும் கம்பெனிக்கும் இனி தொடர்பில்லை, என்னிடம் விலை எதுவும் பேச வேண்டாம் என்று. பம்புத் தொழிலில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் என்னைத் தெரியாதவர்கள் ஆனார்கள்.

சர்வர் நிறுவனத்தில் வேலை கொடுத்தார்கள். பதினோரு வருடம் நான் அவர்களுக்குப் போன் செய்து உயிரை வாங்கியிருந்தேன். அந்தத் தகுதி போதும் என்றார்கள்.

நான் மாப்பிள்ளையைச் சந்தேகித்தேன். அண்ணியின் தம்பி. ஆபீஸ் முழுக்க அவனுக்கு அதுதான் பெயர். அப்போது சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. தனக்கென்று வேலை இல்லாததால் எல்லோர் வேலையிலும் இருப்பான். எட்டு மாதமாகத் தூங்கும் முன் அவனைத்தான் நினைத்தேன். காதலிப்பவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக நினைக்க மாட்டார்கள்.

கணக்கு எளிது. யாரோ ஒருவன் தன் போனில் அந்த மின்னஞ்சலைத் திருட்டுத்தனமாகப் போட்டு வைத்திருக்கிறான். ஓர் ஆபீஸின் எல்லாக் கருவிகளும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரியும். எல்லாம் சரியான கடவுச்சொல்லோடு நுழைந்துகொண்டிருக்கும் வரை எது யாருடையது என்று பிரிக்க முடியாது. என்னைத் துரத்திய பிறகும் அண்ணன் கடவுச்சொல்லை மாற்றவில்லை. மாற்றத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இப்போது மாற்றியே ஆக வேண்டும். மாற்றினால் திருடனின் போன் பழையதையே சொல்லிக் கதவைத் தட்டும். போனுக்கு வெட்கம் கிடையாது. நிமிடத்துக்கு ஒரு முறை தட்டும். ஐந்து தட்டலில் சர்வர் அந்த ஆபீஸையே பூட்டிவிடும். மின்னஞ்சல் வராது, போகாது. அவர்கள் இணையதளம் அவர்களுக்கே திறக்காது. உலகத்தில் மற்ற எல்லோருக்கும் திறக்கும். அப்போது போன் செய்வார்கள்.

மறுநாள் காலை பத்து இருபதுக்குச் செய்தார்கள்.

திரையில் கம்பெனி பெயரைப் பார்த்து டீம் லீடர் என் மேசைக்கு வந்தார்.

"இது உங்க அண்ணன் கம்பெனி இல்ல?"

"ஆமா."

"வேற யாருக்காவது குடுக்கவா?"

"வேணாம். அங்க எல்லாம் எனக்குத் தெரியும்."

எடுத்தேன். பேசுவது யார் என்று அண்ணன் கேட்கவில்லை. "வெப்சைட் திறக்கல. மெயில் வரல, போகல. நெட் நல்லாத்தான் இருக்கு, மத்ததெல்லாம் ஓடுது. நேத்து பாஸ்வேர்டு மாத்து மாத்துன்னு உயிரை எடுத்தீங்க. மாத்தினோம். இன்னிக்கு மொத்தமா படுத்துடுச்சு."

"பாக்கறேன் சார்."

"நீயா?"

"ஆமா சார்."

"என்ன சாரு மோருன்னுட்டு. வேற யாரும் இல்லையா அங்க?"

"இருக்காங்க. மாத்திவிடவா? முதல்லேர்ந்து எல்லாம் கேப்பாங்க. ஒரு மணி நேரம் ஆகும்."

கடிகாரத்தைப் பார்த்திருப்பார். "பன்னண்டு மணிக்குள்ள ஆஸ்பத்திரி கொட்டேஷன் போகணும். நூத்தி இருபது பம்பு. சீக்கிரம் பாரு."

இப்படிப்பட்ட அழைப்புக்கு எங்களிடம் கேள்விகளின் வரிசை ஒன்று உண்டு. முதல் கேள்வி: வைஃபையை அணைத்துவிட்டு, போனின் சொந்த இணையத்தில் தளம் திறக்கிறதா? திறந்தால், கோளாறு தீரும் வரை அதை வைத்தே வேலையை ஓட்டலாம். நான் அதைக் கேட்கவில்லை.

"எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிடுங்க. லேண்ட்லைனை ஸ்பீக்கர்ல போடுங்க."

"எதுக்கு?"

"ஒவ்வொருத்தரோடதா அணைக்கச் சொல்லணும். நீங்க ஓடி ஓடிச் சொல்லப் போறீங்களா?"

நாற்காலிகள் நகர்ந்தன. செருப்புச் சத்தம். யாரோ தும்மினார்கள், ஸ்டோர்கீப்பர். அந்தத் தும்மல் எனக்குத் தெரியும்.

"எல்லாரும் கேளுங்க," என்றேன். "உங்க ஆபீஸ்லேர்ந்து ஏதோ ஒண்ணு பழைய பாஸ்வேர்டை வச்சுக்கிட்டு கொட்டேஷன் மெயிலைத் திறக்கப் பாக்குது. நிமிஷத்துக்கு ஒரு தடவை. அதனாலதான் சர்வர் பூட்டிடுச்சு. அது எதுன்னு கண்டுபிடிக்காம நான் திறந்துவிட்டா, அஞ்சு நிமிஷத்துல மறுபடி பூட்டிக்கும்."

"அந்த மெயில் என் கம்ப்யூட்டர்லயும் சார் கம்ப்யூட்டர்லயும்தான் இருக்கு," என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. "ரெண்டுலயும் நேத்தே புதுசு போட்டாச்சு."

"அப்போ மூணாவதா ஒண்ணு இருக்கு அக்கா."

பன்னிரண்டு பேரின் அந்த அமைதிக்கு எட்டு மாதம் காத்திருந்தேன்.

அணைக்கச் சொன்னேன். முதலில் கம்ப்யூட்டர்கள். பிறகு செல்போன்கள், அண்ணனுடையதும் சேர்த்து, ஒவ்வொன்றாக. ஒன்றை அணைத்ததும் ஒரு நிமிடம் காத்திருப்பேன். என் திரையில் தட்டல் ஒரு வரியாக வந்து விழும். விழுந்தால் அது இல்லை. அடுத்தது.

"என் போன்ல டார்ச் மட்டும்தான் எரியும்," என்றார் டிரைவர். "அதையும் அணைக்கணுமா?"

"அணைங்க."

"இருட்டாயிடுச்சும்மா வாழ்க்கை."

ஸ்டோர்கீப்பர் அணைத்தார். டைப்பிஸ்ட் அக்கா அணைத்தாள். வரி விழுந்துகொண்டே இருந்தது.

"நம்மளை எல்லாம் அணைக்கச் சொல்லிட்டு அந்தப் பக்கம் படம் பாக்கறாங்களோ என்னமோ," என்றான் மாப்பிள்ளை. இரண்டு பேர் சிரித்தார்கள். அவனைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

"உங்ககிட்ட எத்தனை போன்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான்."

"ரெண்டாவது?"

"சரி, ரெண்டு."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். "ரெண்டாவது எதுக்குடா உனக்கு?" என்றார் அண்ணன்.

"சும்மா கேம் ஆட அத்தான்."

"ரெண்டையும் அணைங்க," என்றேன். "ஸ்விட்ச் ஆஃப். எல்லாரும் பாக்கற மாதிரி மேசை மேல வைங்க."

வைத்தான். சத்தம் கேட்டது. என் பை கொட்டப்பட்ட அதே மேசை. நான் திரையைப் பார்த்தேன். முப்பது நொடி. ஐம்பது. அவனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். முதல் வார்த்தை வாய் வரை வந்துவிட்டது.

வரி விழுந்தது.

"என்ன ஆச்சு?" என்றான்.

"இது இல்ல."

"நான்தான் அப்பவே நினைச்சேனே."

தண்ணீர் குடித்தேன். அவன் இல்லை. அவன் சோம்பேறி, அவ்வளவுதான்.

"இன்னும் என்ன எரியுது அங்க?"

"ஒண்ணும் எரியல," என்றார் அண்ணன். "ஃபேன்தான் ஓடுது. அதையும் நிறுத்தச் சொல்லுவியா?"

"சார் ரூம்ல டேப்லட் இருக்கு," என்றார் டிரைவர்.

"அது பம்பு படம் காட்டறதுக்குய்யா. சும்மா இரு."

"அணைச்சுப் பாருங்க சார்," என்றேன்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து அது வேற ஏதோ கேட்டுக்கிட்டே இருக்கு. கேன்சல் குடுத்துக் குடுத்து விரலே தேஞ்சுபோச்சு." சொல்லிக்கொண்டே போனார். கதவு திறந்தது.

ஒரு நிமிடம். வரி விழவில்லை. இரண்டாவது நிமிடம். மூன்றாவது.

"நின்னுடுச்சு," என்றேன்.

அந்த டேப்லட்டை நான்தான் வாங்கினேன். அண்ணன் மேசையில் ஒரு தாங்கியில் நிற்கும். முகம் அவர் பக்கம் இல்லை; எதிரே உட்காருகிறவர் பக்கம். வருகிறவர்களுக்குப் பம்புகளின் படம் ஓடிக்கொண்டிருக்கும். அதில் மின்னஞ்சல் எதையும் நான் போடவில்லை.

"அதுல மெயிலை யாரு போட்டது?"

"நான்தான்," என்றார் அண்ணன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "போன வருஷம் நானே போட்டேன். வர்றவங்க முன்னாடி டிங்கு டிங்குன்னு சத்தம் வரும். வியாபாரம் எப்படி ஓடுதுன்னு தெரியட்டுமேன்னு."

டைப்பிஸ்ட் அக்கா மெதுவாகக் கேட்டாள். "சார், மெயில் வந்தா மேல பட்டையா தலைப்பு வருமே?"

"வரும். அதுக்கென்ன?"

"நாம அனுப்பற கொட்டேஷனும் காப்பியா நமக்கே திரும்பி வருமே."

அண்ணன் மின்னஞ்சலைத் திறந்து படிக்க மாட்டார். யாருக்கு, எத்தனை பம்பு, மொத்தம் எவ்வளவு, எல்லாம் தலைப்பிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. பதினோரு வருடமாக அந்த ஆபீஸில் விலைப்புள்ளி அப்படித்தான் போகிறது. ஒவ்வொன்றும் போனதும் அதன் பிரதி ஒன்று திரும்பி வரும். டிங். விருந்தாளியின் மூக்குக்கு நேரே, எங்கள் விலை, கொட்டை எழுத்தில்.

"எதிர்க் கடைக்காரர் வாராவாரம் வருவாரே," என்றார் ஸ்டோர்கீப்பர். "வந்தா ஒரு மணி நேரம் எழுந்திருக்க மாட்டாரு. நான்கூட நினைப்பேன், நம்ம சார் பேச்சு அவ்வளவு சுவாரசியமாவா இருக்குன்னு."

யாரும் சிரிக்கவில்லை.

எட்டு மாத வெறுப்பை ஓர் ஆளிடமிருந்து எடுத்து இன்னோர் ஆளிடம் வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் யோசித்ததில்லை. நேரமே ஆகவில்லை. அது எப்போதும் அங்கேதான் போக விரும்பியிருந்தது போல.

சத்தம் மாறியது. அண்ணன் ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்திருந்தார்.

"சரி, கண்டுபிடிச்சாச்சுல்ல. திறந்துவிடு."

"ஸ்பீக்கர்ல போடுங்க."

"நமக்குள்ள பேசிக்கலாம்மா."

"அன்னிக்கு நமக்குள்ள பேசலையே."

போட்டார். ஃபேன் சத்தம் மீண்டும் கேட்டது.

"விலை எப்படி வெளிய போச்சுன்னு சொல்லுங்க."

"அதான் எல்லாரும் பாத்தாங்களே."

"சொல்லுங்க."

"டேப்லட்லேர்ந்து."

"அதுல மெயில் போட்டது?"

"நான்."

"அப்போ என் பையைக் கொட்டினது எதுக்கு?"

"விலையை வெளிய விட்டது நீ இல்லம்மா. போதுமா? எல்லாரும் கேட்டுக்கோங்க, இவ இல்ல. போதுமா?"

"போதாது. டீலருங்களுக்கு ஒரு லெட்டர் போச்சே. அதே ஆளுங்களுக்கு இன்னொண்ணு போகணும். திறந்ததும் அதுதான் முதல்ல போகணும். அப்புறம் கொட்டேஷன்."

"கொட்டேஷன் போகட்டும். லெட்டரை நாளைக்குப் பொறுமையா எழுதறேன்."

"மணி பதினொண்ணு இருபது."

"மிரட்டறியா?"

"ஆமா."

அவர் எழுதியிருப்பார். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் எழுதியிருப்பார்.

"சார்," என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. "போனை ஆன் பண்ணினேன். வைஃபை போடல. நம்ம சைட்டு திறக்குது."

"எங்க காட்டு," என்றான் மாப்பிள்ளை. "அட, திறக்குதே. அப்போ மெயிலும் போகும் அத்தான். போன் நெட்டை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் குடுத்தா முடிஞ்சுது. இதை இவங்க காலைலயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்," என்றேன்.

அண்ணன் லைனைத் துண்டித்தார்.

என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை. பூட்டை எடுத்துவிட்டேன், அதை வைத்துக்கொண்டு இனி யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. அழைப்பின் காரணம் என்ற கட்டத்தில் "பழைய கடவுச்சொல், டேப்லட்" என்று நிரப்பினேன். தீர்ந்ததா என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

பதினொன்று முப்பத்தொன்பதுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. ஒரே ஒரு முகவரிக்கு, பெரிய கோப்போடு. ஆஸ்பத்திரி. கொட்டேஷன் போய்விட்டது.

அண்ணன் கணக்கை ஒரு வாரம் முடக்கி வைக்க எனக்கு ஐந்து வழிகள் தெரியும். ஐந்தையும் வரிசையாக யோசித்தேன். மூன்றாவதில், யாராலும் என்னைப் பிடிக்க முடியாது. அதற்கான பக்கத்தைத் திறந்தேன். பெட்டியில் கம்பெனி பெயரைக்கூட அடித்தேன். சாப்பிட வாங்க என்று டீம் லீடர் கூப்பிட்டார். பசி இல்லை என்றேன்.

பன்னிரண்டு பத்துக்கு இன்னொரு மின்னஞ்சல் போனது. சின்னது. கோப்பு இல்லை. அண்ணன் கணக்கிலிருந்து, நாற்பத்தொரு முகவரிகளுக்கு.

நடந்ததைப் பிறகு டைப்பிஸ்ட் அக்கா சொன்னாள். கொட்டேஷன் போன பிறகும் யாரும் தங்கள் இடத்துக்குத் திரும்பவில்லை. யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. மேசையைச் சுற்றி நின்றார்கள். "என்ன, வேலை இல்லையா?" என்று அண்ணன் கேட்டார். டிரைவர் மட்டும் "இருக்கு சார்" என்றார். ஆனால் நகரவில்லை. அண்ணன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் ஒற்றை விரல் தட்டும் சத்தம் கேட்டதாம்.

எங்கள் பதிவில் கடிதத்தின் உள்ளே இருப்பது தெரியாது. யாருக்குப் போனது என்பது தெரியும். திறந்து வைத்த பக்கத்தை மூடினேன். பெயர்களை ஒன்றொன்றாகப் படித்தேன். வடக்குத் தெருக் கடை, பாலத்தடிக் கடை, எனக்கு அக்கா முறையாகப் பழகி, ஒரே நாளில் போனை எடுக்காமல் போன மொத்த வியாபாரி அம்மா. எல்லோரும் இருந்தார்கள். கடைசி வரை பார்த்தேன். பிறகு இன்னொரு முறை மேலிருந்து பார்த்தேன்.

போன் செய்தேன். அண்ணனே எடுத்தார்.

"இன்னும் என்ன?"

"ஒண்ணு விட்டுப்போச்சு."

"எல்லாருக்கும் போயிடுச்சு. பட்டியலை வச்சுச் சரிபாத்துத்தான் அனுப்பினேன்."

"எனக்கு வரல."

"உனக்கு எதுக்கு? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"முதல் லெட்டர்ல இருந்ததும் எனக்குத் தெரிஞ்சதுதான். அதை மட்டும் எதுக்கு எனக்கு அனுப்பினீங்க?"

அன்று அதை நான் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. இதை அவரிடம் சொல்லவில்லை.

நான் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விசை தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. இடைவெளி. இன்னொன்று.

"உன் மெயில்ல நடுவுல புள்ளி உண்டா?"

"உண்டு."

தட்டினார்.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

வந்தது. திறந்தேன். நாலு வரி. என் பெயர் சரியாக இருந்தது. முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று இருந்தது. மூன்றாவது வரியைச் சத்தமாகப் படித்தேன்.

"'ஒரு தொழில்நுட்பக் கோளாறு காரணமாக நேர்ந்த தவறான புரிதல்.'"

"ஆமா. நாசூக்கா எழுதியிருக்கேன். வெளிய எல்லாருக்கும் நம்ம வீட்டு விஷயம் எதுக்கு?"

"கோளாறு எதுவும் இல்ல. சர்வர் சரியா வேலை செஞ்சுது. மெயில் சரியா வந்துச்சு. டேப்லட் சொன்ன மாதிரி டிங்குன்னு அடிச்சுது. எதுவும் கெட்டுப்போகல. நீங்க செஞ்சது அது. மாத்தி எழுதி அனுப்புங்க."

"மறுபடி நாப்பத்தோரு பேருக்கா?"

"நாப்பத்திரண்டு."

"பசிக்குதும்மா. சாப்பிட்டு வந்து எழுதறேன்."

"சாப்பிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டீம் லீடர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார், என் காதில் போன் இருப்பதைப் பார்த்தார், கேட்காமல் போய்விட்டார். மறுபக்கம் கதவு திறந்தது. யாரோ உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"தள்ளிக்கோங்க சார்," என்றது டைப்பிஸ்ட் அக்காவின் குரல். "நீங்க சொல்லுங்க. நான் அடிக்கறேன்."